‘க’ வராத மாப்பிள்ளை

மஸ்தான் பீவி கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்லி அனுப்பினால் மகன் பக்ருதீன் முருங்கைக்காயோடு வந்து நிற்பான். மறதியால் அல்ல. ‘க’வில் தொடங்கும் எந்தச் சொல்லும் அவன் தொண்டையில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். மற்ற எழுத்துகளும் சில நேரம் தடுக்கும்தான். கொஞ்சம் தடுமாறி அவற்றைத் தாண்டிவிடுவான். ‘க’ மட்டும் பூட்டிய கதவு. காய்க்காரியின் முன்னால் முகம் சிவக்க நிற்பதைவிட முருங்கைக்காய்க் குழம்பு மேல் என்று முடிவு செய்து வெகுகாலமாகிறது. மஸ்தான் பீவியும், கத்தரிக்காய் வேண்டுமென்றால் தானே போய் வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

எடப்பாடி நெசவாளர்களிடம் சேலையும் வேட்டியும் எடுத்துச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்பவர் அவன் அத்தா அன்வர் பாட்சா. பக்ருதீனும் அந்த வியாபாரத்தில்தான் இருந்தான். துணிக்கடைக்காரனுக்கு ‘க’ இல்லாமல் பிழைப்பு நடக்குமா என்று கேட்கலாம். பையன் கெட்டிக்காரன், நடத்திக் காட்டினான். கறுப்புச் சேலையை ‘அமாவாசை நெறம்’ என்பான். கிளிப்பச்சையை ‘வாழைக்குருத்து’ என்பான். கட்டம் போட்ட சேலை அவனிடம் ‘சன்னல் சேலை’ ஆகிவிடும். இதெல்லாம் வியாபாரச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்ட பெண்கள், அடுத்த சந்தைக்கு வந்து “அந்த சன்னல் சேலை இருக்குதுங்களா?” என்று பேர் சொல்லிக் கேட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியாமல் ஓர் எழுத்தை ஏமாற்றியே இருபத்தைந்து வயது வரை வந்துவிட்டான்.

மேட்டூர் அணை கட்டி முடித்த மறுவருஷம் அவனுக்குக் கலியாணம் நிச்சயமானது. பெண் ஷஹர்பானு, குமாரபாளையத்து நூல் வியாபாரியின் மகள். அந்த ஊர்ப் பேரும் ‘கு’வில்தான் தொடங்குகிறது, அதனால் பக்ருதீனுக்கு அது ‘பவானிக்கு அக்கரை’. நூல் எடுக்கப் போன இடத்தில் ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்திருக்கிறான். கொடியில் காய்ந்த நூலை இழுத்துப்போட்ட ஆட்டை அவள் திட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டின் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் போன அந்தத் திட்டில் ஓரிடத்தில்கூடத் தடங்கல் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டமாதிரி ஓடியது. பக்ருதீன் நூல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்று கேட்டான். அதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களை ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தவன், இதற்கு மட்டும் சரி என்று தலையாட்டினான்.

தலையாட்டிவிட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. நிக்காஹ் அன்று சபை நடுவில் மாப்பிள்ளை ‘கபில்து’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். அமாவாசை, வாழைக்குருத்து என்று அதற்கு வேறு பேர் வைக்க முடியாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்து நல்ல மனுஷர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, “தமிழ்லயே ஒப்புக்கிட்டேன்னு சொல்லிருங்க தம்பி, நிக்காஹ் செல்லும்” என்றார். பக்ருதீன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, மென்று முழுங்கி, தடுக்கித் தடுக்கி, அம்மாவிடம் சொல்லி முடித்தான்.

“எல்லாத்துக்கும் சுத்து வழியிலயே போயாச்சும்மா. இவகிட்ட மட்டும் நேரா போவோணும்.”

மஸ்தான் பீவி எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பதுபோல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் புரொபசர் தங்கசாமி எடப்பாடிக்கு வந்து சேர்ந்தார். கிழக்கே ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே கப்பலேறி ரங்கூன் போய், அங்கே ஒரு டாக்டரிடம் இருந்து வித்தை படித்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். நாடகக் கொட்டகையில் ராத்திரி ஆட்டம். ‘மெஸ்மெரிசம்! மனோவசியம்!’ என்று சிவப்பு நோட்டீசு. ஒரு பலசரக்குக் கடைக்காரரைத் தூங்கவைத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் பலகைபோலக் கிடத்தினார் என்பதுதான் மறுநாள் ஊர்ப் பேச்சு. ஆனால் நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வேறொரு வரியைப் பக்ருதீன் படித்துவைத்திருந்தான். ‘திக்குவாய், பயம், தூக்கமின்மை இவற்றுக்குப் பகலில் சிகிச்சை.’ காலையில் போய் அவரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான்.

மஸ்தான் பீவி நடையை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, வசியம்னு நோட்டீசு போட்டிருக்கீங்களாமா. மையி, மாந்திரீகம் எதுவும் எங்க ஊட்டுப் படியேறக் கூடாதுங்க. எங்களுக்கு அது ஆவாது.”

“வசியம்னு போட்டாத்தாம்மா டிக்கெட்டு போகுது” என்றார் புரொபசர். “இதுல மையும் இல்ல, மந்திரமும் இல்ல. உங்க மகன் தூங்கக்கூட மாட்டார். வண்டியில போறப்ப கண்ணு சொருகும், ஆனா மாட்டோட மணிச்சத்தம் காதுல விழுந்துகிட்டே இருக்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு நிலை. அதுல மனசு சொன்னதைக் கேட்டுக்கும், முரண்டு பண்ணாது.”

“கேட்டுக்கும்னா? எவங்கிட்டயாச்சும் பணத்தக் குடுன்னு சொன்னாக் குடுத்துருமா?”

“பிடிக்காததைச் சொன்னா எழுந்து என்னை ஒரு அறை விட்டுட்டுப் போவார். அவர் மனசுக்குள்ள நான் போறதில்லம்மா. போறவர் அவர்தான். நான் வாசல்ல நின்னு வழி சொல்ற ஆளு.”

“பொறகு அந்தக் கடைக்காரரப் பலகையாட்டம் படுக்க வெச்சது?”

“அது வேடிக்கை. இது வைத்தியம்.”

தன் கண் முன்னால்தான் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மஸ்தான் பீவி வழிவிட்டாள். பக்ருதீன் பாயில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். கையை முகத்துக்கு நேரே தூக்கி அதன் கட்டைவிரல் நகத்தையே பார்க்கச் சொன்னார் புரொபசர். தோள் இறங்குகிறது, தாடை தளர்கிறது, மூச்சு தானாக வந்து தானாகப் போகிறது என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே போனார். கொட்டகையில் கேட்ட அதட்டல் குரல் இல்லை அது. காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரல். பக்ருதீனின் கை மெல்ல மடியில் இறங்கியது. காவலுக்கு உட்கார்ந்த மஸ்தான் பீவியும் கதவில் தலைசாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்தாள்.

“இப்ப உங்களை யாரும் அவசரப்படுத்தலை. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம். அது தொண்டைக்குப் பக்கத்துல வந்து உட்காரட்டும், போதும்” என்றார் புரொபசர். இப்படியே கொஞ்ச நேரம் போனது. ஒரே நாளில் தீராது, நாலைந்து தடவை பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த தடவை சீக்கிரம் இந்த நிலைக்குக் கொண்டுவர, அவரைப் போன்றவர்கள் ஒரு சொல்லை மனசில் போட்டுவைப்பது வழக்கம். அன்றாடப் பேச்சில் அடிபடாத சொல்லாக இருக்க வேண்டும். புரொபசர் யோசித்தார். ராவுத்தர் வீட்டுப் பையன். இவனிடம் யாரும் சொல்ல வாய்ப்பில்லாத சொல்லாக ஒன்றைப் பிடித்தார். “இனி ‘சாமி’ங்கற சொல் காதில் விழுந்தா, கண்ணு தானா மூடும், உடம்பு இதே மாதிரி லேசாகும்” என்று சொல்லி, பக்ருதீனை எழுப்பி, மறுவாரம் வருவதாகச் சொல்லிவிட்டு நாமக்கல்லுக்கு ஆட்டம் போடப் போய்விட்டார்.

ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், அதிலும் பாதி வயசை ரங்கூனில் கழித்தவர். பாவம், அவருக்குத் தெரியவில்லை. ஆத்தூரிலிருந்து மேற்கே போகப் போக, சாமி என்பது கோயிலுக்குள் மட்டும் இருப்பதில்லை. பெற்ற பிள்ளை சாமி, பெரியவர் சாமி, வண்டிக்காரன் சாமி, கறவை எருமையும் சாமிதான்.

சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தையில் பக்ருதீன் கடை விரித்தான். முதலில் வந்த கிழவி ஒரு சேலையை இழுத்துப் பார்த்து, “இதென்ன வெல சாமி?” என்றாள். பக்ருதீன் விலை சொல்ல வாயெடுத்தான். முகத்தில் ஒரு சாந்தம் பரவ, துணி அடுக்கின்மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கிழவி பதறிவிட்டாள். “அய்யோ, என்னாச்சு சாமி? ஏஞ்சாமி? கண்ணத் தொற சாமி!” என்று அவள் உலுக்க உலுக்க, பையன் இன்னும் ஆழமாகப் போனான். கூட்டம் கூடியது. வெயிலுக்கு மயங்கிவிட்டான் என்றார்கள் சிலர். ஒருவர் மோர் கொண்டுவந்தார். அப்புறம் தானாக எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல வியாபாரம் பார்த்தான். அடுத்த ஆள் வந்து “வேட்டி இருக்குதா சாமி?” என்று கேட்கும் வரை.

வீட்டிலும் இதே கூத்துத்தான். பக்கத்து வீட்டுப் பாப்பாயி பால் ஊற்ற வரும்போதெல்லாம் பையன் திண்டாடினான். பாப்பாயிக்கு நிலமும் எருமைகளும் உண்டு. பக்ருதீன் பிறந்ததிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்தவள். “என்ன சாமி, சோறு தின்னாச்சா?” என்பாள், சோற்றில் கை வைத்தபடி அவன் கண் மூடுவான். பையனுக்கு ரத்தம் சுண்டிவிட்டது என்று தினம் ஒரு சொம்பு பால் அதிகமாக ஊற்றினாள் பாப்பாயி. அன்வர் பாட்சாவுக்கோ சந்தேகம் வேறு பக்கம் போனது. “எல்லாம் அந்தத் தங்கசாமி பண்ணுன வேலை!” என்று நடுக்கூடத்தில் நின்று கத்தினார். மகன் தூணில் சாய்ந்தான். அவன் தெளிந்ததும், “வரட்டும், அந்தத் தங்கசாமிய...” என்று மறுபடி ஆரம்பித்தார். மகன் மறுபடி சாய்ந்தான். மஸ்தான் பீவி புருஷனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகனின் காதருகே குனிந்து, சோதனைக்காக, மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது.

கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. வருகிற சனத்தில் பாதிப்பேர் சந்தையில் பழகிய குடியானவர்கள். பந்தலில் ஆளுக்கு ஒரு சாமி போட்டால் மாப்பிள்ளை ‘கபில்து’ சொல்வது எங்கே? மஸ்தான் பீவி வீடு வீடாகப் போய், தன் மகனை யாரும் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எல்லாரும் சரி என்றார்கள். பால் ஊற்ற வந்த பாப்பாயி மட்டும் நடையிலேயே திகைத்து நின்றாள்.

“ஏம்புள்ள மஸ்தானு, எம் பேரனையும் அப்புடித்தான் கூப்புடறேன், எருமக் கன்னையும் அப்புடித்தான் கூப்புடறேன். இவன மட்டும் நா என்னன்னு கூப்புடறது?”

“பேரச் சொல்லிக் கூப்புடுங்கக்கா.”

“பேரா?” பாப்பாயி வாயை ஒரு மாதிரி வைத்து முயன்று பார்த்தாள். “பக்கிரி... பக்குரு... அதெல்லாம் நமக்கு வராது சாமி.”

உள்ளே ஏதோ சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

அன்வர் பாட்சா நாமக்கல் போய்ப் புரொபசரைக் கையோடு கூட்டிவந்தார். வழியெல்லாம் நடந்ததைக் கேட்டுக்கொண்டே வந்த புரொபசருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “‘நான் சொன்னா’ன்னு ஒரு வார்த்தை சேர்க்காம விட்டுட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்” என்றார். பக்ருதீனை உள்ளறையில் உட்காரவைத்து, “இப்பவே எடுத்துடறேன், தம்பி. பயப்படாதீங்க” என்றார்.

பக்ருதீன் கையை நீட்டித் தடுத்தான். அவனுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிக்க வெகுநேரமும் ஆனது. புரொபசர் குறுக்கே ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தார்.

“எனக்கு எல்லாம் தெரியுதுங்க. சந்தையில அந்த ஆத்தா பதறினது, மோரு எடுத்துட்டு வந்தது, எல்லாம் தெரியுது. நெனச்சா அப்பவே முழிச்சுருவேன். மனசு வரலீங்க. உள்ள நெம்ப நல்லாருக்குது. நான் எப்ப பேசி முடிப்பேன்னு மூஞ்சியப் பாத்துட்டு அங்க யாரும் நிக்கறதில்லீங்க.”

புரொபசர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ கொட்டகைகளில் எத்தனையோ பேரைக் கண் மூட வைத்தவர். உள்ளே எப்படியிருந்தது என்று ஒருவரும் அவருக்கு இப்படிச் சொன்னதில்லை.

“அப்படின்னா அது என் வார்த்தையால வந்ததில்ல, தம்பி” என்றார் கடைசியில். “அந்த இடம் உங்களோடது. யாரும் கூப்பிட வேண்டாம், நீங்களே போகலாம், நீங்களே வரலாம். போயிட்டு வர்றப்ப அந்த வார்த்தையையும் கையோட கூட்டிட்டு வாங்க. திக்கினாலும் திக்கட்டும்.”

அந்தச் சொல்லின் கட்டை அவர் அவிழ்த்துவிட்டார். அதன் பிறகு பக்ருதீன் தினமும் விடியற்காலையில் சுவரோரம் உட்கார்ந்து, தானே கண்ணை மூடி, தானே திறக்கப் பழகினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று புரொபசர் சத்தியம் செய்தும் அன்வர் பாட்சா நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, கலியாணத்துக்கு வண்டி கட்டும்போது பாப்பாயியிடம் தனியாக வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நிக்காஹ் முடியும்வரை வாயே திறப்பதில்லை என்று அவளும் வாக்குக் கொடுத்தாள்.

குமாரபாளையத்தில் பெண் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். காவிரிக் காற்று உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஜமக்காளத்தின் மேல் ஹஜ்ரத்தும், பெண்ணின் அத்தாவும், சாட்சிகள் இரண்டு பேரும். எதிரே பக்ருதீன். தலையிலிருந்து மல்லிகைச் சரங்கள் முகத்துக்கு முன்னால் திரைபோலத் தொங்கின. பெண்கள் எல்லாரும் ஷஹர்பானுவைச் சுற்றி, கதவுக்குப் போட்ட பச்சைத் திரைக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதை ஒட்டினாற்போல வெளியே பாப்பாயி நின்றாள், முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு.

ஹஜ்ரத்து ஓத வேண்டியதை ஓதி முடித்தார். “சொல்லுங்க மாப்ளே” என்றார்.

பந்தல் அடங்கியது. மல்லிகைச் சரங்கள் நடுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. பக்ருதீனின் வாய் திறந்திருந்தது. தொண்டைக்குள் அந்த எழுத்து பழையபடி வந்து முட்டிக்கொண்டு நின்றது. பெண் வீட்டார் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு குழந்தை, ஏன் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டது.

அப்போது பக்ருதீன் கண்ணை மூடினான். தோள்கள் தாழ்ந்தன, தலை இலேசாகச் சாய்ந்தது, நடுங்கிய சரங்கள் ஓய்ந்து நின்றன.

எடப்பாடியிலிருந்து வந்த சனம் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பிப் பாப்பாயியைப் பார்த்தது. அன்வர் பாட்சாவின் பார்வையில் நெருப்புப் பறந்தது. பாப்பாயிக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. முந்தானையை வாயிலிருந்து இழுத்தாள்.

“என்னைய ஏனுங்க பாக்கறீங்க? நா வாயே தொறக்கலீங்க!”

“பொறகு யாரு கூப்புட்டது?” என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து மஸ்தான் பீவி.

“கூப்புட்டா என்னங்க ஆவும்?” என்றார் ஒன்றும் புரியாத பெண் வீட்டுக்காரர் ஒருவர். அதற்குப் பதில் சொல்ல நாலு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். சந்தையில் நடந்ததைச் சந்தைக்காரர் ஒருவர் கையை ஆட்டிச் சொன்னார். மயக்கம் வருகிற மாப்பிள்ளையா என்று பெண்ணின் மாமன் எழுந்து நின்றார். தண்ணீர் தண்ணீர் என்று யாரோ கத்தினார்கள்.

இத்தனை இரைச்சலில், யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திராத அந்த நேரத்தில், கண்ணை மூடியிருந்த பக்ருதீன், “கபில்து” என்றான். ஒரு தடங்கலும் இல்லாமல் முழுதாக வந்தது.

ஒருவர் காதிலும் விழவில்லை.

கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தான். எதிரே ஹஜ்ரத்து மட்டும் அவன் உதடு அசைந்ததைப் பார்த்திருந்தார். கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்திவிட்டு, “என்ன சொன்னீங்க மாப்ளே?” என்று கேட்டார். மறுபடி சபை முழுவதும் அவன் முகத்தையே பார்த்தது. பக்ருதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்ன வார்த்தைதானே, எங்கே போய்விடப் போகிறது?

“க... கபில்து” என்றான். ‘க’ ஒரு தடவை தடுக்கியது. தடுக்கினால் தடுக்கட்டும் என்று அவன் தாண்டி வந்தான்.

சாட்சிகளில் ஒருவர் தலையாட்டினார். மற்றவர் வயசானவர், காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “எங்காதுல உளுவலீங்களே” என்றார்.

“கபில்து!” என்றான் பக்ருதீன், தெருக்கோடிக்குக் கேட்கும்படி.

“போதும் மாப்ளே, போதும்” என்றார் ஹஜ்ரத்து. “பொண்ணு ஒண்ணுதான்.”

பந்தல் அதிரச் சிரித்தார்கள். ஹஜ்ரத்து துஆ ஓதும்போதும் சிலருக்கு அடங்கவில்லை. பேரீச்சம்பழமும் கற்கண்டும் தட்டுத் தட்டாக வந்தன. அன்வர் பாட்சா நேராகப் பாப்பாயியிடம் போனார்; என்ன சொல்வதென்று தெரியாமல், இரண்டு கைநிறையப் பழத்தை அள்ளி அவள் மடியில் போட்டார். அவள் இன்னும் கோபம் தீராமல் வாங்கிக்கொண்டாள். பச்சைத் திரை காற்றில்லாமலே குலுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எந்தச் சிரிப்பு யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பக்ருதீன் காது மந்தமான சாட்சியின் பக்கம் சாய்ந்து, “க்... கேட்டுதுங்களா?” என்றான். கேட்டது, கேட்டது என்றார் கிழவர். அடுத்து உட்கார்ந்திருந்தவரிடமும் கேட்டான். கட்டித் தழுவ வந்த மாமனிடம் கேட்டான். கற்கண்டுத் தட்டோடு வந்தவரை நிறுத்தி, அவரிடமும் கேட்டான். பிறகு பச்சைத் திரை இருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டு, அவசரமே இல்லாமல், இன்னொரு தடவை கேட்டான். அவன் மூச்சுப் பட்டு முகத்துக்கு முன்னால் மல்லிகைச் சரங்கள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன.